தாகாசூரனின் இடது காது

நெடுங்கரைப் பெரிய குளத்தை ஏழே மடக்கில் குடித்துத் தீர்த்தவன் தாகாசூரன் என்றும், கரைகாத்த அம்மன் வேலெடுத்து வந்து அவன் கழுத்தைச் சீவியதும் ஏழு மடக்குத் தண்ணீரும் சிந்தாமல் சிதறாமல் குளத்துக்கே திரும்பி வந்தது என்றும் அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், அதனால்தான் வருசா வருசம் ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை காலையில், மூங்கிலும் காகிதமும் புளியங்கொட்டைப் பசையும் சேர்த்துப் பனை உயரத்துக்கு அவனைச் செய்து, சப்பரத்தில் ஏற்றிக் குளத்தங்கரைக்கு இழுத்துவந்து, ஊரே குலவையிட அவன் தலையை வேலால் தட்டித் தண்ணீரில் தள்ளுவார்கள். அவனுக்கு வலது காது பேருக்குத்தான், ஒரு கைப்பிடி இருக்கும். இடது காதோ அரிசி புடைக்கிற சுளகு அகலம். அந்தக் காதுக்கு ஒரு வேலை உண்டு. அந்த வருசத்தில் யாருக்கு யார் அநியாயம் செய்திருந்தாலும், பட்டவர்கள் வதைக்கு முன்னால் ஏணி வைத்து ஏறி, செய்தவர் பேரை மட்டும் அந்தக் காதில் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். கதை கூடாது, சாபம் கூடாது, பேர் மட்டும். யார் பேரைச் சொன்னாய் என்று புருசன்கூடப் பொஞ்சாதியைக் கேட்கமாட்டான். தலை குளத்தில் விழுந்து காகிதம் ஊறிக் கரையும்போது பேரும் கரையும், நெஞ்சில் ஒரு வருசத்துக்கு இடம் காலியாகும், அவ்வளவுதான் கணக்கு.

பீடி சுற்றுகிற பேச்சிக்கனி மூன்று வருசமாக அந்த ஏணியில் ஏறி ஒரே பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வைரவநாதன். விழாக் குழுவுக்குத் தலைவர் அவர்தான், சப்பரத்துக்கு முன்னால் பட்டுத்துண்டு கட்டிக்கொண்டு நடப்பவரும் அவர்தான். ஒரு கோடையில் அவர் பொக்லைனை இறக்கிக் குளத்துக்குள் மூன்று ஆள் ஆழத்துக்கு மண் அள்ளினார், வேலி கட்டவில்லை, ஒரு சிவப்புத் துணிகூட நட்டுவைக்கவில்லை. அப்புறம் மழை பெய்து குளம் பெருகிவிட்டது, மேலேயிருந்து பார்த்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர்தானே. பள்ளிக்கூடம் விட்டு வந்து, நடை பழகின நாளிலிருந்து தான் கால் கழுவுகிற அதே முழங்கால் ஆழத்தில் இறங்கிய பேச்சிக்கனியின் ஏழு வயது மகள் பொன்ராதா, மூன்றாவது எட்டில் காணாமல் போனாள். பிள்ளை வழுக்கி விழுந்தது என்று எழுதிக்கொண்டார்கள். பேச்சிக்கனி ஏறாத ஆபீஸ் இல்லை, ஏறின இடத்திலெல்லாம் அந்தப் பேரைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார்கள். அவளைப் பெற்றவர்கள் இல்லை, திருப்பூருக்குப் போன புருசன் திரும்பவில்லை. அந்தப் பேரைக் குற்றவாளியின் பேர் என்று வாங்கிக்கொண்ட ஒரே இடம் உலகத்திலேயே அந்தக் காகிதக் காதுதான். அதற்காகவே அவள் மிச்ச முன்னூற்றுச் சொச்சம் நாளையும் சாகாமல் கழித்தாள் என்றால் மிகையில்லை.

அப்போதுதான் பட்டணத்திலிருந்து ஒரு படக்காரத் தம்பி வந்தான். தாகாசூரன் கதையைப் படம் பிடிக்கப்போகிறேன் என்று ஊர் ஊராய் அலைந்தவன் நெடுங்கரையில் பத்து நாள் தங்கி எல்லாரையும் கேட்டான், எல்லாரும் ஏழு மடக்கு ஏழு மடக்கு என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். நீங்கள் மூன்று வருசமாக ஏணியில் ஏறுகிறீர்களாமே என்று பேச்சிக்கனியிடம் வந்தவன், ஏன் எதற்கு என்று துருவாமல், "அக்கா, பாப்பாவுக்கு என்னெல்லாம் புடிக்கும்?" என்று கேட்டான். மூன்று வருசத்தில் அப்படி ஒருத்தர் கேட்டதில்லை. பாவி மனசு திறந்துகொண்டது. முன்பல் ரெண்டும் விழுந்த வாயில் வறுத்த புளியங்கொட்டையை அடக்கிக்கொண்டே தூங்குவாள் என்றும், செருப்பை எப்போதும் கால் மாற்றித்தான் போடுவாள் என்றும், அன்றைக்குச் சாயந்தரம் வரைக்கும் கயிறு போட்டுத் தேடியும் கிடைக்காமல் ஆம்பிளைகள் கரையேறிவிட்டார்கள் என்றும் சொல்லிவந்தவள், கையிலிருந்த பீடியிலையை அப்படியே வைத்துவிட்டு, "எனக்கு மட்டும் வாய் பெருசா இருந்திருந்தா அந்தக் கொளத்தையே குடிச்சு வத்தவச்சு எம்புள்ளைய எடுத்துருப்பேன் தம்பி" என்றாள். அவன் அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டும் போனான்.

அடுத்த வருசம் படம் வந்தது. ஊரே வேன் பிடித்துப் போனது, அடுத்த வீட்டு ஆவுடைத்தங்கம், "வாங்க மதினி, நம்ம ஊரு கதை, நாமளே பாக்காட்டி எப்படி?" என்று பேச்சிக்கனியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரையில் தாகாசூரன் கரையோரத்தில் வெள்ளரி போட்டுப் பிழைக்கிற சாதுவாக இருந்தான். அவனுக்கு ஒரு மகள் இருந்தாள். அவளுக்கு முன்பல் ரெண்டும் இல்லை. கன்னத்தில் புளியங்கொட்டை அடக்கியிருந்தாள், செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தாள். ஒரு நாள் குளத்தில் இறங்கினவள் திரும்பவில்லை, பள்ளம் தோண்டினவன் என்று அந்தப் படத்தில் ஒருத்தனும் இல்லை, விதி என்று பாட்டு வந்தது. தாகாசூரன் கரையில் மண்டியிட்டு, "எனக்கு மட்டும் வாய் பெருசா இருந்திருந்தா…" என்றான். பிறகு வாயைத் திறந்தான், வாய் பெரிதானது, ஒவ்வொரு மடக்குக்கும் நின்று நின்று மகளைத் தேடித் தேடி ஏழு மடக்கில் குளத்தைக் குடித்தான். குளத்தைத் திருடிக் குடித்தவன் என்று நினைத்து அம்மன் வேலெறிந்தபோது கொட்டகையில் விசும்பாத ஆள் இல்லை. ஆவுடைத்தங்கம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். பேச்சிக்கனி அழவில்லை. தன் வீட்டுப் பானை அடுத்த வீட்டு அடுப்பில் பொங்குவதைப் பார்க்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அது எம்புள்ளட்டி" என்றாள் வேனில் திரும்பி வரும்போது.

"எல்லாருக்கும் அப்படித்தான் மதினி இருந்துச்சு. எனக்கும் எம்புள்ள மாதிரிதான் இருந்துச்சு" என்றாள் ஆவுடைத்தங்கம், மூக்கைச் சிந்தியபடி.

அந்த ஐப்பசியில் ஏணிக்கு வரிசை சின்னதாகிவிட்டது. பாவம், ஏற்கெனவே நொந்த மனுசன் காதில் போய் நம் ஊத்தையைக் கொட்டுவதா என்று பாதிப்பேர் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். பேச்சிக்கனி ஏறினாள். காதோடு வாயை வைத்து 'வை' என்று உதட்டைக் குவிக்கும்போது அந்தக் காகிதக் காது வெதுவெதுவென்று சுட்டது, சிலிர்த்தது, தாகாசூரன் தலையை மெல்லத் திருப்பி அவளைப் பார்த்துவிட்டு, ஏணியோடு அவளைப் பத்திரமாகத் தூக்கி ஓரமாய் வைத்துவிட்டு, மூங்கில் முட்டிகள் கடகடக்கச் சப்பரத்திலிருந்து இறங்கிக் கரையில் போய் உட்கார்ந்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும் என்றான்.

வேல் பிடித்திருந்த பூசாரி வேலைச் சுவரில் சாய்த்து வைத்தார். டீக்கடைக்காரர் தண்ணீரை டம்ளரில் கொடுப்பதா குடத்தில் கொடுப்பதா என்று கேட்டார். காகித உதடு நனைந்து பிய்ந்துபோகுமே என்று நாலு பேர் பதற, ஒரு குழாயை வெட்டி வாயில் வைத்துக் குடத்திலிருந்து ஊற்றினார்கள், மேளக்காரர்கள் என்ன வாசிப்பது என்று தெரியாமல் கல்யாண மேளம் வாசித்தார்கள். அன்றைக்குச் சாயந்தரமே குளத்தங்கரை மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டாயிற்று. மழைக்குத் தார்ப்பாய், வெயிலுக்குத் தென்னங்கீற்று, கரையான் வராமல் காலடியில் மண்ணெண்ணெய். வாரம் ஒரு தெரு என்று முறை வைத்துக்கொண்டு பெண்கள் பசை காய்ச்சிக் கொண்டுபோய் அவன் உடம்பில் பிய்ந்த இடத்தையெல்லாம் ஒட்டினார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து தகப்பன் பேர் என்ன என்று கேட்டு, தெரியாது என்றதும் 'அம்மன் துணை' என்று எழுதிக்கொண்டு போனார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அவன் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள், உங்க மக கதையைச் சொல்லுங்க சொல்லுங்க என்று வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் கேட்பார்கள், அவனும் சலிக்காமல் அந்தப் புளியங்கொட்டையையும் அந்தச் செருப்பையும் சொல்லிச் சொல்லி, கன்னத்துக் காகிதம் கரைய அழுவான். அழுத இடத்தில் அடுத்த தெருக்காரி வந்து புதுக் காகிதம் ஒட்டுவாள்.

வைரவநாதன் தினமும் போனார். முதல் வாரம் பக்கத்தில் நின்று அழுதார், ரெண்டாவது வாரம் உட்கார்ந்து அழுதார், மூன்றாவது வாரம் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சின்ன வயதில் அப்பா பெல்ட்டால் அடிப்பாராம், ஒருத்தரும் கூட விளையாடவில்லையாம், மண் அள்ளும்போதெல்லாம் மனசு வேண்டாம் வேண்டாம் என்றதாம். இந்த நாலு வருசமாகக் கண்மூடினால் தண்ணீர்தான் தெரிகிறதாம். அடப்பாவி, வேலி கட்டவேண்டும் என்று மட்டும் ஏன் தெரியவில்லை என்று ஒருத்தராவது கேட்டார்களா? இல்லை. "அவுகளும் மனுசன்தான மதினி, உள்ளுக்குள்ள எம்புட்டு வச்சிருந்திருக்காவ பாருங்க" என்று ஆவுடைத்தங்கமே பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். பேச்சிக்கனி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் பந்தலில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அவள் தாகாசூரனிடம் போனாள்.

"உம் மக பேரு என்ன?" என்றாள்.

அவன் யோசித்தான். மூங்கில் கழுத்து கிறீச்சிட்டது. "படத்துல சொல்லல தாயி" என்றான்.

"பொன்ராதா. அவ எம்புள்ள. புளியங்கொட்டைய வறுத்துக் குடுத்தது இந்தக் கை. அந்தப் பேச்சும் நான் பேசுனதுதான். எனக்கு ஒண்ணும் வேண்டாம், உன் காதைக் குடு, ஒரு பேரு சொல்லிட்டுப் போயிருதேன்."

தாகாசூரன் சுளகு அகலக் காதை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "தெரியும் தாயி. நீ ஏணியில ஏறி மூச்சு விட்டப்பவே தெரியும்" என்றான். "முன்னெல்லாம் எனக்குள்ள ஒண்ணும் கெடையாது, எல்லாப் பேரும் போட்டா விழும். இப்ப உள்ள ஒரு புள்ள ஒக்காந்துருக்கா. நீ அந்தப் பேரைச் சொன்னேன்னா அவளை யாரு முக்குனான்னு எனக்குத் தெரிஞ்சுபோவும், தெனமும் இங்க வந்து எம்பக்கத்துல ஒக்காந்து அழுவுறவன்தான்னு தெரிஞ்சுபோவும், அப்புறம் நான் எந்திரிச்சு என்ன செய்வேனோ, மறுபடியும் அரக்கன்னுதான சொல்லுவாக. அவளை எங்கிட்டயே விட்டுரு தாயி. அவ இல்லாட்டி நான் வெறும் காயிதம்."

பேச்சிக்கனிக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, அதுதான் கொடுமை. அடுத்தவள் பெற்ற பிள்ளையை இரவல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நடுங்குகிறான் பாவி. ஆனாலும் பெற்றவள் அல்லவா. "எம்புள்ளையைத் திருப்பிக் குடு" என்று கத்தினாள், காதைப் பொத்தின கையைப் பிடித்து இழுத்தாள், ரெண்டு விரல் மூங்கிலோடு ஒடிந்து வந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர் பார்த்தது என்னவென்றால், அழுதுகொண்டிருக்கிற தாகாசூரனையும் ஒடிந்த விரலோடு நிற்கிற பேச்சிக்கனியையும்தான்.

"புள்ளையப் பறிகொடுத்தவனப் போயா இப்படிச் செய்யுத? ஒனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கெடையாதா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

அதற்குள்ளாக ஊரில் வேறொரு சங்கடம் முற்றிவிட்டிருந்தது. இறக்கிவைக்க ஒரு காது இல்லாமல் போகவும், அந்த வருசத்து அநியாயமெல்லாம் ஒவ்வொருத்தர் வாயிலும் தங்கிவிட்டது. அண்ணன் தம்பி வரப்பில் கட்டிப்புரண்டார்கள், மாமியார் மருமகள் தனித்தனி அடுப்பு வைத்தார்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள்கூடப் பேசிக்கொள்வதில்லை. தாகாசூரன் காது ஆகாது, அதில் இரக்கம் குடியேறிவிட்டது. காது வேண்டும், ஆனால் அதற்குள் இரக்கம் இருக்கக்கூடாது, அப்படிப்பட்ட காது யாருக்கு இருக்கிறது என்று விழாக் குழு கோயில் மண்டபத்தில் கூடி மூன்று வெள்ளிக்கிழமை பேசியது. யாரும் பேரைச் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே தெருவைப் பார்த்தார்கள்.

பூசாரியும் ஆவுடைத்தங்கமும்தான் கேட்க வந்தார்கள். "ஒண்ணும் செய்யமாட்டோம் தாயி" என்றார் பூசாரி. "ஒரு காலை நேரம் சப்பரத்துல ஒக்காந்து காதைக் குடுத்தாப் போதும். தலைக்கு மேல காயிதக் கிரீடம் இருக்கும், வேல் அதைத்தான் தட்டும். ஒம்மேல ஒரு துரும்பு படாது. ஊரு நல்லா இருக்கணும்லா?"

பேச்சிக்கனி சுற்றிக்கொண்டிருந்த பீடியை முடித்துத் தட்டில் போட்டாள். பிறகு, "எல்லாரும் வருவாகளா?" என்று கேட்டாள்.

"எல்லாரும்தான்."

"வைரவநாதன்?"

"அண்ணாச்சிதான மொத ஆளு" என்றாள் ஆவுடைத்தங்கம்.

சரி என்றாள். ஏன் சரி என்றாள் என்று கேட்டால், அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு வருசம் முழுக்க அழுத மனுசன், கண்மூடினால் தண்ணீர் தெரிகிற மனுசன், காதில் பேர் சொல்ல ஏறினால் யார் பேரைச் சொல்வான்? அவனுக்கு யார் அநியாயம் செய்தார்கள்? ஒருத்தருமில்லை. மிச்சம் இருப்பது அவன் பேர் ஒன்றுதான். தன் பேரைத் தானே சொல்லத்தான் வேண்டும். யாருக்கும் கேட்காது, எழுத்தில் வராது, போகட்டும். தன் காதில் அந்த ஒரு பேர் அந்த வாயிலிருந்து விழுந்துவிட்டால் போதும், அதை வைத்துக்கொண்டு மிச்ச ஆயுசைத் தள்ளிவிடலாம் என்று நினைத்தாள். அந்த ஐப்பசி வரைக்கும் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

கடைசி வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்குக் கறுப்புச் சேலை உடுத்தி, முகத்தில் மஞ்சளுக்குப் பதில் கரி தடவி, பல்லுக்கு மேலே பனைமட்டைப் பல் கட்டினார்கள். பிள்ளைகள் பயந்து அழுதன. தாகாசூரனைப் புதுக் காகிதம் ஒட்டி, ரோஜா மாலை போட்டு அம்மன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஏணி வைத்தார்கள். மொத ஆள் என்று ஆவுடைத்தங்கம் சொன்ன வைரவநாதன், "மத்தவுக போகட்டும்" என்று ஒதுங்கி நின்றார். ஊர் ஒவ்வொருத்தராக ஏறி அவள் இடது காதில் பேர் சொன்னது. தம்பி அண்ணன் பேரைச் சொன்னான், அண்ணன் தம்பி பேரைச் சொன்னான், மருமகள் சொல்லிவிட்டு இறங்கியதும் மாமியார் ஏறினாள். ஆவுடைத்தங்கம் தன் புருசன் பேரைச் சொன்னாள், அவள் முதுகில் கிடக்கிற தழும்பு பேச்சிக்கனிக்குத் தெரியும், கட்டியிருந்த பல்லுக்குள்ளே, "ஐயோ எட்டி" என்று முனகினாள். ஒவ்வொரு பேருக்கும் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஈரம் இல்லாத நெஞ்சாம். எல்லாம் உள்ளே போய்த் தேங்கியது.

கடைசியாகத்தான் வைரவநாதன் ஏறினார். ஏணியின் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். சந்தனமும் வியர்வையும் மணந்தது. அவர் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார், ஒரு சொட்டுக் கண்ணீர் வெதுவெதுவென்று அவள் காதுமடலில் விழுந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். சொல்லு, என்றாள் மனசுக்குள். சொல்லிரு ராசா.

"பேச்சிக்கனி" என்றார் வைரவநாதன்.

சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கும்போது அவர் முகம் குளித்துவிட்டு வந்தவர் முகம் மாதிரித் தெளிந்திருந்தது. அஞ்சு வருசமாகத் தன்னைத் தூங்கவிடாதவளின் பேரை இறக்கி வைத்துவிட்டாரே, இனி அவருக்கு நல்ல தூக்கம் வரும்.

கொட்டு முழங்கியது. பூசாரி வேலை ஓங்கிக் கிரீடத்தைத் தட்டினார், அது உருண்டு குளத்தில் விழுந்தது, பெண்கள் குலவையிட்டார்கள், அம்மன் பக்கத்தில் தாகாசூரன் விம்மினான், அவன் விம்முவதைப் பார்த்து ஊரே விம்மியது. ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி தோளில் சாய்ந்து அழுதான். அந்தக் கூட்டத்தில் யாரும் கவனிக்காதபோது பேச்சிக்கனி சப்பரத்திலிருந்து தானே இறங்கினாள், பனைமட்டைப் பல்லைக் கழற்றிப் போட்டாள், படித்துறை வழியாகப் போய், பொன்ராதா கால் கழுவுகிற இடத்தில் முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு, ரெண்டு கையையும் குவித்து அள்ளிக் குடித்தாள். சேறு மணத்தது. மறுபடியும் அள்ளினாள்.

முதலில் பார்த்தது ஒரு சின்னப் பிள்ளைதான். "எம்மா, அந்த அரக்கி நம்ம கொளத்தைக் குடிக்கா!" என்று வீறிட்டது. ஊர் திரும்பிப் பார்த்தது. குளத்தைக் குடிக்கா, குளத்தைக் குடிக்கா என்று கரை முழுக்கச் சத்தம் எழுந்தது, தட்டி முடித்துப் பூசாரி சுவரில் சாய்த்திருந்த வேலை யாரோ எடுத்தார்கள், பத்துப் பேர் தண்ணீருக்குள் இறங்கி அவள் முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். தாகாசூரன் மட்டும் ஒடிந்த விரலோடு எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், பாவம், கண்ணீரில் ஊறி வாய் ஏற்கெனவே கரைந்துபோயிருந்தது.

இருநூறு ஏக்கர் குளம் அது. அவள் மூன்று கைதான் குடித்திருந்தாள்.